வீட்டுக்குள் வந்த வண்டு



வண்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் புலவர்கள் பாடிய வண்டே முதலில் நினைவுக்கு வரும். அது மலரை நாடும்; தேனை உண்ணும்; காதலர்க்குத் தூதும் போகும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் வண்டுகளுக்கு அத்தகைய பெருமை ஏதும் இல்லை. இவை அரிசிப் பானைக்குள் இருக்கின்றன. பருப்பு டின்னுக்குள் இருக்கின்றன. நாம் அமரும் பலகைக்குள் இருந்துகொண்டு மாவைக் கொட்டுகின்றன. இரவில் விளக்கொளியைத் தேடி வந்து நம் கழுத்தில் உட்காருகின்றன.

இத்துணைச் சிறிய உயிரைப் பற்றி ஒரு மண்டபத்தில் கூடிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பேசப்போகும் வண்டுகளுள் ஒன்றைத் தவிர மற்றவை நம் உடலுக்குப் பெரிதாகத் தீங்கு செய்பவை அல்ல என்பது உண்மைதான். ஆனால் வண்டைக் கண்டபின் நாம் செய்யும் காரியங்கள் தீங்காய் முடிவதுண்டு. உழைத்த பணத்தில் வாங்கிய அரிசியை மூட்டையோடு கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனினும் மோசம், வேலைக்காட்டில் அடிக்கும் மருந்தில் கொஞ்சம் கொண்டுவந்து சமையற்கட்டில் தெளிப்பது. இவ்விரண்டும் வேண்டாதவை. ஒவ்வொரு வண்டும் தான் எங்கே பிறந்தது என்பதைத் தன் உருவத்தாலேயே சொல்லிவிடுகிறது. அது இன்னதென்று தெரிந்துகொண்டால் பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இடத்தைக் கண்டுபிடித்தால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

முதலில், கண்ணிற்பட்ட பூச்சி வண்டுதானா என்று பார்க்க வேண்டும். கரப்பான், மூட்டைப்பூச்சி, கறையான் ஆகிய மூன்றும் வண்டினம் அல்ல. வண்டுக்கு மேலிறகு இரண்டும் ஓடுபோல் கடினமாக இருக்கும். அவ்விரண்டு ஓடுகளும் முதுகின் நடுவே ஒரே நேர்கோட்டில் வந்து பொருந்தும். கரப்பானுக்கு இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பிடித்த பூச்சியை வெள்ளைத் தாளில் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூக்குக்கண்ணாடி உள்ளவர்கள் போட்டுக்கொள்வது நலம். ஏனெனில் சமையற்கட்டு வண்டுகளுள் பல 3 மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை.

அரிசியில் காணப்படுவது அரிசி வண்டு. மலாய்க்கார அன்பர்கள் இதைக் 'கூத்து பெராஸ்' என்பார்கள். கரும்பழுப்பு நிறம், முகத்தில் யானைத் துதிக்கைபோல் நீண்ட மூக்கு, உற்று நோக்கினால் முதுகில் செம்மஞ்சள் புள்ளிகள் நான்கு. இந்த மூக்கை வைத்தே இதை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடலாம். பெண் வண்டு இம்மூக்கினால் அரிசி மணியைக் குடைந்து, குழியில் ஒரு முட்டையை இட்டு, வாயைப் பசைபோன்ற பொருளால் அடைத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அந்த மணிக்குள்ளேயே தின்று, அங்கேயே வளர்ந்து, வண்டாக மாறித் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நமது நாட்டு வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் முந்நூறு முட்டைகள் வரை இடக்கூடியது. கடையிலிருந்து வந்த அன்று சுத்தமாக இருந்த அரிசியில் மூன்றாம் வாரம் திடீரென்று வண்டு நெளிவதற்குக் காரணம் இதுவே. வண்டு எங்கிருந்தோ பறந்து வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது அரிசிக்குள் முட்டையாகவோ புழுவாகவோ நம் கையாலேயே வீட்டுக்கு வந்திருக்கும்.

இந்த அரிசியை உண்ணலாமா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். உண்ணலாம். அரிசி வண்டு நஞ்சுடையதன்று, நோய் பரப்புவதுமன்று. முறத்திலிட்டுப் புடைத்து, சல்லடையால் சலித்து, களையும்போது தாராளமாகத் தண்ணீர் விட்டால் வண்டும் உள்ளே கூடான மணியும் மேலே மிதந்துவிடும். அவற்றை வடித்துவிட்டுச் சமைக்கலாம். சத்துச் சிறிது குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அரிசி கட்டிகட்டியாகி, பூஞ்சணம் பூத்து, முக்கு வாடை அடித்தால் அதை உண்ணக் கூடாது. அப்படிப்பட்டதைக் கோழிக்கும் போடலாகாது. பூஞ்சணம் இல்லாமல் வண்டு மட்டும் மிகுந்துபோன அரிசியைக் கோழிக்குப் போடுங்கள். கோழிக்கு அது விருந்து.

வெயிலில் காயவைப்பது நம் பாட்டிமார் காலந்தொட்டு வரும் வழக்கம். அது நல்ல வழக்கமே; எனினும் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். வெயில் பட்டதும் வளர்ந்த வண்டுகள் ஓடிவிடும். மணிக்குள் அடைபட்டிருக்கும் புழு எங்கே ஓடும்? அது சாகவேண்டுமானால் அரிசி 50 பாகைக்கு மேல் சூடேறி அச்சூட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆகையால் நல்ல உச்சிவெயிலில், தகரத்தின்மேலோ கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பின்மேலோ மிக மெல்லிதாகப் பரப்ப வேண்டும். குவியலாகக் கொட்டி வைத்தால் மேலே சூடும் அடியில் குளிர்ச்சியுமாய், வண்டுகள் அடிக்குப் போய்ப் பதுங்கும். அதிகம் காய்ந்தால் அரிசி நொறுங்கும் என்பதையும் மறக்கலாகாது. ஐஸ் பெட்டி உள்ளவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. அரிசியைச் சிறுசிறு பைகளில் கட்டி, மேலே உறைய வைக்கும் அறையில் ஒரு வாரம் வையுங்கள். முட்டை, புழு, வண்டு மூன்றும் செத்துவிடும். கீழ்த்தட்டில் வைத்தால் வளர்ச்சி நிற்குமே தவிர உடனே சாவதில்லை.

இத்தனையும் செய்துவிட்டு, நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு காரியத்தால் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறோம். பழைய அரிசி டின்னின் அடியில் ஒரு சுண்டு கிடக்கும். அதன்மேலேயே புது அரிசியைக் கொட்டுவோம். பழைய வண்டுக்குப் புது வீடு கட்டிக் கொடுப்பது போன்றது இது. மிச்சத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். டின்னைக் கழுவி, மூலை முடுக்கில் ஈரமில்லாமல் வெயிலில் காயவைத்து, பிறகே புதியதைக் கொட்ட வேண்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பை போதாது. அரிசி வண்டு அதைத் துளைத்துவிடும். மாதம் முழுவதற்கும் ஒரே மூட்டையாக வாங்குவதைவிட, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையைப் பார்த்து இரண்டு வாரத்துக்கு வேண்டியதை வாங்குவது மேல். கடை தொலைவில் உள்ள தோட்டங்களில் இது இயலாது என்பதை நாம் அறிவோம். அங்கே இறுக்கமான டின்தான் துணை.

மூக்கில்லாத, செந்நிறமான, தட்டையான வண்டு கோதுமை மாவிலோ ரவையிலோ ஓடினால் அது மாவு வண்டு. முழு அரிசியை அதனால் குடைய முடியாது. நொறுங்கியதையும் அரைத்ததையுமே அது தேடும். இவ்வண்டு பெருகினால் மாவு இளஞ்சிவப்பாக மாறிக் காரமான கெட்ட வாடை வீசும். வண்டின் உடல் சுரந்து விடும் நீரின் வாடை அது. அந்த நிலைக்குப் போன மாவைச் சலித்து வைத்துக்கொள்ள முயலாதீர்கள்; கொட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வண்டு மட்டும் தென்பட்டால் சலித்து உடனே பயன்படுத்திவிடலாம்.

பச்சைப் பயறு, தட்டைப் பயறு, கொண்டைக்கடலை முதலியவற்றில் வருவது பயற்று வண்டு. அதன் அடையாளம் வண்டைவிடப் பயற்றிலேயே தெளிவாகத் தெரியும். பயற்றின் தோல்மேல் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பவை அதன் முட்டைகள். ஊசி கொண்டு வெட்டியதுபோல் வட்டமான துளை தெரிந்தால் உள்ளிருந்த வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். பருப்புக்கும் பயற்றுக்கும் விளக்கெண்ணெய் தடவி வைக்கும் நம் வழக்கம் இவ்வண்டுக்கு மிகச் சரியான மருந்தாகும். ஒரு கிலோ பயற்றுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். பயறு முழுவதும் படுமாறு புரட்டினால் முட்டைகள் மூச்சடைத்துச் சாகும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுகிறவர்கள் போடட்டும், குற்றமில்லை. அவை வண்டை ஓரளவு விரட்டுமேயன்றி ஏற்கனவே உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லமாட்டா.

மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள், தாத்தாவின் சுருட்டுப் பெட்டி ஆகியவற்றில் கூன் விழுந்த, தலை தாழ்ந்த சிறு பழுப்பு வண்டு இருக்கும். புகையிலை வண்டு என்பது அதுவே. சிறு அளவாகத் தூள் இடித்து வைத்துக்கொள்வதே அதற்கு வழி.

இப்போது நாம் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறோம். இவ்வளவு நேரம் நாம் கூறிய வழிகளில் நஞ்சு எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சமையற்கட்டு வண்டுக்கு நஞ்சு தேவையே இல்லை. புல்லுக்கு அடிக்கும் மருந்து செடியைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டது. வண்டை ஒழிக்க அது உதவாது. மனிதனுக்கோ கூற்றுவனாக வந்து முடியும். பல்லாண்டுகள் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லியில் ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம். அதற்கு முறிவு மருந்து கிடையாது. மலேசிய அரசாங்கம் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி அதை முற்றாகத் தடை செய்துள்ளது. பழைய போத்தல் எங்கேனும் பரணில் மிச்சமிருந்தால் சாக்கடையில் ஊற்றாமல், தோட்ட நிருவாகத்திடமோ விவசாய இலாகாவிடமோ ஒப்படையுங்கள்.

பூச்சிக்கு அடிக்கும் தோட்ட மருந்தும் அப்படித்தான். அது அரிசியின் மேற்பரப்பில் படியும். மணிக்குள் இருக்கும் புழுவை எட்டாது. படிந்த நஞ்சோ நம் பிள்ளையின் தட்டுக்கு வந்து சேரும். அரிசிக் கிடங்குகளில் மூட்டைகளுக்கு வைக்கும் வாயு மாத்திரை ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது கொடிய வாயுவை வெளிவிடும். பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள், ஆள் குடியில்லாத இடத்தில் கையாளவேண்டிய பொருள் அது. யாரேனும் 'அண்ணே, இதில் ஒன்றைப் போடுங்கள், பூச்சி ஒன்றும் மிஞ்சாது' என்று கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். பூச்சியோடு வீட்டில் உறங்குபவர்களும் மிஞ்சமாட்டார்கள்.

மருந்தை ஆரஞ்சு நீர் போத்தலிலும் காடிப் போத்தலிலும் ஊற்றி வைக்கும் பழக்கம் எத்தனையோ பிள்ளைகளுக்கு எமனாக வாய்த்திருக்கிறது. 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, பெயர்ச்சீட்டு ஒட்டிய மருந்தே விற்கப்பட வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத மருந்து எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். யாரேனும் தவறி நஞ்சை விழுங்கிவிட்டால், உப்புநீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலில் பட்டிருந்தால் துணியைக் களைந்து சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். போத்தலைச் சீட்டோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்தச் சீட்டைப் பார்த்தே மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்வார். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் இத்தகைய வேளையில் ஆலோசனை கூறுகிறது.

சமையற்கட்டை விட்டு இனி முன்கூடத்துக்கு வருவோம். நம் தொழிலோடு ஒட்டிய வண்டு அங்கேதான் இருக்கிறது. கித்தா மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்தபின் மறுநடவுக்காக வெட்டப்படுகிறது. வெட்டிய மரத்தில் ஒரு துண்டைக் கொண்டுவந்து வாங்கு, தட்டு, சாமி மாடம் என்று செய்து வைத்துக்கொள்வது தோட்டங்களில் வழக்கம். சில மாதங்களில் அதன் கீழே முகமாவு போன்ற மெல்லிய தூள் கொட்டத் தொடங்கும். மலாயில் இதனைப் 'புபுக்' என்பர். நாம் மரம் உளுத்துவிட்டது என்போம்.

ரப்பர் மரத்தில் மாச்சத்து மிகுதி. நமக்குச் சோறு எப்படியோ அப்படி இந்த உளு வண்டுக்கு அம்மரம். செங்கால் போன்ற மரத்தின் வைரத்தை அது தொடுவதில்லை. முன்னாளில் ரப்பர் மரம் புகைக்கூண்டு அடுப்புக்கும் விறகுக்கும்தான் ஏற்றது என்று கருதப்பட்டதற்கு இவ்வண்டும் ஒரு காரணமாகும். 1980ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறியது. அறுத்த பலகையைக் காலந் தாழ்த்தாமல் போரான் உப்புக் கரைசலில் அழுத்தி ஊறவைத்து, சூளையில் உலர்த்தும் முறை பரவியது. அதன்பின் அதே மரம் மேசை நாற்காலியாகிக் கடல் கடந்து விலைபோனது. நாம் பால் வெட்டிய மரம் சீமையில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது என்பதில் நமக்கும் சற்றுப் பெருமைதான். ஆனால் வெட்டிய இடத்திலிருந்து நாம் தூக்கிவந்த துண்டுக்கு அந்த மருந்தூட்டல் நடந்திருக்காது.

தூளைப் பார்த்ததும் கறையான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறிது எடுத்து விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் வழவழவென்றிருந்தால் உளு வண்டு. மணல்போல் குருணையாக உருண்டால் உலர்மரக் கறையான். சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் நிலத்துக் கறையான். மரத்தில் துளைகள் தெரிந்தால், அவற்றைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, கீழே கிடக்கும் தூளைத் துடைத்துவிடுங்கள். ஒரு மாதம் சென்று பாருங்கள். புதுத் துளையும் புதுத் தூளும் இல்லையானால் வண்டு வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது என்று கொள்ளலாம். இருந்தால், மிகவும் உளுத்த சாமானை வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். காப்பாற்றத் தகுந்ததாயின் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, வன்பொருள் கடையில் கிடைக்கும் போரான் மருந்தைப் பச்சை மரத்தில் நன்றாக ஊறும்படி தடவி, காய்ந்தபின் துளைகளை அடைத்து வார்னிஷ் பூசுங்கள். உளு வண்டு மரத்தின் திறந்த நுண்துளைகளில்தான் முட்டையிடும். வார்னிஷ் பூசினால் அக்கதவு அடைபடும். உள்ளே ஏற்கனவே இருப்பதை வார்னிஷ் மட்டும் கொல்லாது. துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பலகை வீட்டில் அடுப்புக்கு அருகே மண்ணெண்ணெய் ஊறிய மரத்தை வைத்திருப்பதை நினைத்தாலே நமக்கு நடுக்கமாக இருக்கிறது.

உளுத்தது நம் வாங்கு அன்றி, நிருவாகம் கொடுத்த வீட்டின் தூணோ உத்தரமோ தரைப்பலகையோ ஆனால் அது நீங்கள் செலவழித்துச் செய்யவேண்டிய காரியமன்று. வேலையாட்களுக்குக் கொடுக்கும் வீட்டை நல்ல நிலையில் பேணிப் பழுதுபார்க்கும் கடமையை 446ஆம் சட்டமாகிய 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் முதலாளிமீதே சுமத்தியிருக்கிறது. கிராணியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவதைவிட ஒரு தாளில் எழுதி, நாளைக் குறித்து, படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காரியம் நடவாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

ரப்பர் தோட்டத்துக்கென்றே ஒரு வண்டு கேரளத்தில் உண்டு. முப்ளி வண்டு என்று பெயர். உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று வளர்ந்து, கோடை மழை தொடங்கும் வேளையில் கூட்டங்கூட்டமாக வீடுகளின் கூரைக்குள் புகுந்துவிடும். அங்குள்ள தோட்டத்தார் அதனோடு படும் பாட்டைக் கேட்டால் நம் அரிசி வண்டு எவ்வளவோ சாது என்று தோன்றும்.

தொடக்கத்தில் ஒன்றைத் தவிர என்று சொன்னோமே, அந்த ஒன்று இனி. நெல்வயலை அடுத்த தோட்டங்களில், குறிப்பாகக் கெடாவிலும் பேராக்கின் கிரியான் பகுதியிலும் செபராங் பிறையிலும் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பார்வைக்கு எறும்பு போலவே இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். தலை கறுப்பு, கழுத்து செம்மஞ்சள், நடுவில் நீலம் பூசிய கரிய குட்டையான ஓடு, மீண்டும் செம்மஞ்சள், வால்நுனி கறுப்பு. மலாயில் 'செமூட் காயாப்' என்பார்கள். செமூட் என்றால் எறும்பு. காயாப் என்றால் அக்கி. உண்மையில் இது எறும்புமன்று, இதனால் வருவது அக்கியுமன்று.

இது கடிக்காது, கொட்டாது. நாம் அதை அடித்து நசுக்கும்போது அதன் உடல்நீரிலுள்ள நஞ்சு தோலில் படுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் சிவந்து எரியும். அடுத்த இரண்டொரு நாளில் கோடு கிழித்ததுபோல் கொப்புளம் எழும்பும். முழங்கை மடிப்பில் பட்டால் மடியும் இரு பக்கமும் எதிரெதிரே புண்ணாகும். இதைப் பார்த்து அக்கி என்றெண்ணிக் காவி குழைத்து எழுதிக்கொள்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் நரம்போடு ஒட்டி வரும் வேறு நோய். அதற்கு வேறு மருந்து. எதுவென்று கிளினிக்கில் காட்டித் தெரிந்துகொள்வதே முறை.

மேலில் ஊர்வது தெரிந்தால் அடிக்காதீர்கள். வாயால் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு தாளை நீட்டி அதில் ஏறச் செய்து உதறிவிடுங்கள். நசுங்கிவிட்டால் அந்த இடத்தையும் கையையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். கண் வீங்கினாலோ எரிந்தாலோ தாய்ப்பால் விடுவது, மூலிகைச் சாறு விடுவது என்று நேரத்தைக் கடத்தாமல் சுத்தமான தண்ணீரால் கழுவி அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கை விரிப்பைப் படுக்குமுன் உதறுங்கள். கொடியில் காய்ந்த துணியை உதறாமல் குழந்தைக்கு அணிவிக்காதீர்கள்.

வயலிலே இது உழவனுக்கு நண்பன். நெற்பயிரை உறிஞ்சும் தத்துப்பூச்சியை இது பிடித்துத் தின்னும். அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் இருப்பிடம் தேடிப் பறந்து, வெள்ளை விளக்கைக் கண்டு நம் வீட்டுக்கு வருகிறது. ஆகவே அந்த வாரங்களில் மாலை மங்கியதும் சன்னலை அடையுங்கள், அல்லது மெல்லிய வலையை அடியுங்கள். குழந்தை உறங்கும் அறையில் விளக்கை அணையுங்கள். வெளியே தாழ்வாரத்தில் வெள்ளைக் குழல்விளக்கு இருந்தால் அதற்குப் பதில் மஞ்சள் விளக்கு ஒன்றை மாட்டிப் பாருங்கள். விளக்கடியில் கிடக்கும் வண்டுகளைக் காலையில் துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள், வெறுங்கையால் வேண்டாம்.